கிரிட்டா 5.2: கோடு பின்தங்குது, அழுத்தம் வரல, விசைகளும் சில நேரம் செத்துப்போகுது

#1 கித்தான்

வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், 8 ஜிபி ரேம், பிராசஸரோட சேர்ந்து வர்ற இன்டெல் கிராஃபிக்ஸ், 256 ஜிபி எஸ்எஸ்டி. படம் வரையற செயலி கிரிட்டா 5.2. பேனாவால வரையற, திரை இல்லாத நடுத்தர டேப்லெட், யூஎஸ்பி வயர்ல. படம் ஏ3, 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி), 16 பிட் நிறம், சுமார் 20 லேயர் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற படலம்) இருக்கு. காமிக்ஸ் பக்கம், அச்சுக்குப் போகணும்.

பிரச்சினைகள்:
பேனாவை எப்படி அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன். சில நாள் தானா சரியாகுது.
கோடு தொடங்குற இடத்துல ஒரு சின்ன நேர்க்கோடு ஒட்டிக்குது. வளைவா ஆரம்பிச்சாலும் அப்படித்தான்.
கர்சர் போன பிறகு கோடு மெதுவா பின்னாடி வருது.
திடீர்னு பி (பிரஷ்), ஈ (அழிப்பான்) விசைகள் வேலை செய்யல. மவுஸால பிரஷ்ஷை எடுக்க வேண்டியிருக்கு.

கிரிட்டாவை நீக்கிட்டு மறுபடி போட்டாச்சு. மாற்றமே இல்ல. என்ன பண்ணலாம்?

#2 தூரிகைக்காரன்

8 ஜிபி ரேம்ல ஏ3 600ஆ? ரேமை 32 ஆக்குங்க, விண்டோஸை ஒருமுறை ஃபார்மேட் அடிங்க. எல்லாம் சரியாகிடும்.

#3 நிழற்கோடு

ஃபார்மேட் எதற்கு? ரேமைக் கூட்டினாலும் அழுத்தம் வராது, விசைகளும் திரும்பாது. கித்தான் சொல்லியிருப்பவை நான்கு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குப் பயன்படாது. நான்கையும் ஒரே நேரத்தில் நோண்டினால் எது சரியாக்கியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

மறுபடி நிறுவியதில் மாற்றம் இல்லாததற்குக் காரணம் இதுதான்: நிரலை நீக்கினாலும் அமைப்புக் கோப்புகள் பயனர் ஃபோல்டரிலேயே தங்கிவிடும். ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் என்ற இடத்தில் கிரிட்டா பெயரோடு ஆர்சி சேர்ந்த ஒரு கோப்பு இருக்கும். அமைப்புகள் எல்லாம் அதில்தான். பிரஷ்கள் வேறிடம்: ஆப்டேட்டா, ரோமிங், கிரிட்டா. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கிய பதிப்பு என்றால் லோக்கலுக்குள் பேக்கேஜஸ் ஃபோல்டரில் தேட வேண்டும். உண்மையிலேயே புதிதாகத் தொடங்க வேண்டுமானால் கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டே கிரிட்டாவைத் திறக்கவும். அமைப்புகளை அழிக்கட்டுமா என்று கேட்கும். இப்போதைக்கு அதைச் செய்ய வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அழுத்தம். செட்டிங்ஸ் → கான்ஃபிகர் கிரிட்டா → டேப்லெட் செட்டிங்ஸ். அங்கே டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் திறந்து பேனாவால் மெல்ல ஒரு கோடு, அழுத்தி ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் ஓடும் எழுத்துகளில் ஸ்டைலஸ் என்று வருகிறதா, மவுஸ் என்று வருகிறதா? ஸ்டைலஸ் என்றால் பி என்ற எழுத்துக்கு அருகே உள்ள சதவீதம் ஏறி இறங்குகிறதா? இதை மட்டும் சொல்லுங்கள்.

#4 கித்தான்

மவுஸ்னுதான் வருது. சதவீதம் எதுவுமே இல்ல.

#5 நிழற்கோடு

அப்படியானால் பிரஷ் அமைப்பைத் தொடாதீர்கள். பேனாவின் செய்தி பேனாவாகவே கிரிட்டாவுக்கு வந்து சேரவில்லை.

விண்டோஸில் பேனா பேசும் வழிகள் இரண்டு. ஒன்று வின்டேப், பழையது. இன்னொன்று விண்டோஸ் இங்க். கிரிட்டாவின் டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்தில் இன்புட் ஏபிஐ என்ற இடத்தில் இந்த இரண்டும் இருக்கும். இரண்டாவதற்கு அங்கே விண்டோஸ் பாயின்டர் இன்புட் என்று பெயர். டேப்லெட் டிரைவரின் பலகத்திலும் விண்டோஸ் இங்க் பயன்படுத்து என்று ஒரு டிக் பெட்டி வரும். வாகாம் டிரைவரில் அது மேப்பிங் தாவலில் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் வேறு தாவலில் வைத்திருக்கலாம். டிரைவரும் கிரிட்டாவும் ஒரே வழியில் பேச வேண்டும். டிரைவரில் இங்க் அணைந்திருக்க, கிரிட்டா பாயின்டர் இன்புட்டுக்குக் காத்திருந்தால், அதற்குக் கிடைப்பது வெறும் மவுஸ்தான்.

செய்ய வேண்டியது: டிரைவரில் இங்க் டிக்கை எடுத்துவிட்டு, கிரிட்டாவில் வின்டேப் தேர்ந்து, கிரிட்டாவை முழுவதும் மூடித் திறக்கவும். மூடாமல் சோதித்தால் பழைய வழியிலேயே நிற்கும். இது சரிவரவில்லையென்றால் நேர் எதிராக, இரண்டு பக்கமும் இங்க். எது சிறந்தது என்று வாதிடுவதில் பொருளில்லை. உங்கள் டிரைவர் எதில் ஒழுங்காகப் பேசுகிறதோ அதுவே சிறந்தது.

“சில நாள் சரியாகுது” என்பது இன்னொன்றைக் காட்டுகிறது. வேறு நிறுவன டேப்லெட்டின் பழைய டிரைவர் ஏதாவது கணினியில் மிச்சம் இருக்கிறதா? வின்டேப் என்பது சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஒரே பெயருள்ள ஒரு டிஎல்எல் கோப்பு. இரண்டு நிறுவன டிரைவர்கள் இருந்தால் ஒன்று மற்றதன் கோப்பின் மேல் தன்னுடையதை எழுதிவிடும். பழையதை நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்து, இப்போதைய டிரைவரை மறுபடி நிறுவுங்கள். வரிசை முக்கியம்: நீக்கு, மறுதொடக்கம், நிறுவு, மறுதொடக்கம்.

#6 பனையோலை

நிழற்கோடு சொன்னதோட ஒரு சின்ன விஷயம். டெஸ்டர்ல சதவீதம் நல்லா ஏறி இறங்குது, ஆனா கேன்வாஸ்ல மட்டும் ஒரே தடிமன்னா, மேல பிரஷ் டூல்பார்ல யூஸ் பென் பிரஷர்னு ஒரு குட்டி ஐகான் இருக்கும், பாருங்க. அது அணைஞ்சிருந்தா எல்லா பிரஷ்ஷுக்கும் அழுத்தம் போயிடும். கை தெரியாம பட்டு அணைஞ்சிருக்கும், ஆளுங்க டிரைவரைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.

தொடக்கத்துல வர்ற நேர்க்கோட்டுக்குக் காரணம் விண்டோஸ். பேனாவை வச்சதும் இது கோடா, இல்ல ரைட் கிளிக்குக்காக அழுத்திப் பிடிக்கறாங்களான்னு அது கொஞ்சம் காத்திருந்து பார்க்கும். அந்த நேரத்துல நீங்க வளைச்ச வளைவு கிரிட்டாவுக்குப் போகாது. முதல் புள்ளியையும், அது விழிச்சுக்கிட்ட புள்ளியையும் நேர்க்கோட்டால இணைச்சுடும். பேனாவை ஒரே இடத்துல வச்சா ஒரு வட்டம் சுத்துதா? அப்போ இதேதான்.

கன்ட்ரோல் பேனல் → பென் அண்ட் டச் → பிரஸ் அண்ட் ஹோல்டு → செட்டிங்ஸ். உள்ளே ரைட் கிளிக்குக்கான டிக்கை எடுங்க. அந்தப் பலகமே கண்ணுல படலன்னா விண்டோஸ் பேனாவை இங்க் வழியா பார்க்கலன்னு அர்த்தம். அப்போ டிரைவர் பலகத்துலதான் தேடணும்.

#7 கித்தான்

பழைய டேப்லெட்டோட டிரைவர் இருந்துச்சு! நீக்கிட்டேன். இங்க் அணைச்சு, வின்டேப் வச்சதும் டெஸ்டர்ல ஸ்டைலஸ்னு வருது, சதவீதமும் ஓடுது. நேர்க்கோடும் போயிடுச்சு, பென் அண்ட் டச் பக்கம் போகவே வேண்டி வரல.

ஆனா கர்சருக்குப் பின்னாடி கோடு வர்றது அப்படியே இருக்கு. இன்ஸ்டன்ட் ப்ரிவியூ (கோட்டை முதல்ல குறைஞ்ச அளவுல காட்டுற வசதி) ஆன்லதான் இருக்கு.

#8 தூரிகைக்காரன்

அதுக்குத்தான் ரேம்னு சொன்னேன்.

#9 மைக்கூடு

ரேமுக்குப் போகும் முன் ஒன்றைச் சோதிக்கலாம். 1000க்கு 1000 பிக்சலில் 8 பிட் படம் ஒன்றைப் புதிதாகத் திறந்து அதே பிரஷ்ஷால் வேகமாகக் கோடு போடுங்கள். அதிலும் பின்தங்கினால் கேன்வாஸ் அளவின் மேல் பழி போட முடியாது. பிரஷ் டூல் கையில் இருக்கும்போது டூல் ஆப்ஷன்ஸ் டாக்கரில் (ஓரப் பலகத்தில்) பிரஷ் ஸ்மூதிங் என்ன என்று பாருங்கள். ஸ்டெபிலைசர் அல்லது வெயிட்டட் இருந்தால், கை நடுக்கத்தைச் சமப்படுத்துவதற்காகக் கோடு வேண்டுமென்றே தாமதமாக வரும். டிலே, டிஸ்டன்ஸ் எண்கள் கூடக்கூடத் தாமதமும் கூடும். பேசிக் அல்லது நன் ஆக்கிப் பாருங்கள்.

நீளமான வளைவு மை வேலைக்கு ஸ்டெபிலைசர் அருமையானது. சாதாரண ஸ்கெட்ச்சுக்கு அதைப் போட்டுவிட்டு “கிரிட்டா ஸ்லோ” என்பவர்களே அதிகம்.

#10 கித்தான்

ஸ்டெபிலைசர்தான் இருந்துச்சு. பேசிக் ஆக்கினதும் சின்ன கேன்வாஸ்ல பறக்குது. பெரிய பக்கத்துல இன்னும் இழுக்குது, ஆனா முன்னைவிடப் பரவாயில்ல.

#11 நிழற்கோடு

இப்போதுதான் ரேம் கணக்கு.

ஏ3, 600 டிபிஐ என்றால் 7016 × 9921 பிக்சல். ஏறக்குறைய 6.96 கோடி பிக்சல். ஆர்ஜிபிஏ (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு) 8 பிட் என்றால் ஒரு பிக்சலுக்கு 4 பைட், முழுதும் நிரம்பிய ஒரு லேயருக்கு சுமார் 278 எம்பி. 16 பிட் ஆக்கினால் 557 எம்பி. கிரிட்டா தானாக எடுத்துக்கொள்ளும் வரம்பு மொத்த ரேமில் பாதி, அதாவது உங்களுக்கு 4 ஜிபி. 557 எம்பி லேயர்கள் அதில் ஏழுதான் கொள்ளும். மிச்சமெல்லாம் எஸ்எஸ்டியில் உள்ள ஸ்வாப் கோப்புக்குப் போய்ப் போய் வரும். இழுப்பு அங்கேதான்.

நடைமுறையில் இவ்வளவு மோசமில்லை. கிரிட்டா லேயரை 64 × 64 பிக்சல் ஓடுகளாகத்தான் வைத்திருக்கிறது. வரையாத ஓட்டுக்கு நினைவகம் வேண்டியதில்லை. மை கோட்டு லேயர் இலேசாகத்தான் இருக்கும். பக்கம் முழுக்க வண்ணம் தீட்டிய பின்னணியும் காகித டெக்ஸ்சரும்தான் கனம். இதன் மேல் குரூப் லேயர்கள் தங்கள் கூட்டுப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும். அன்டூ வரலாறும் சேரும்.

கீழே ஸ்டேட்டஸ் பாரில் படத்தின் அளவுக்கு அருகே எம்பி கணக்கு தெரியும். அதன் மேல் கர்சரை நிறுத்தினால் லேயர்களுக்கு எவ்வளவு, அன்டூவுக்கு எவ்வளவு, ஸ்வாப்பில் எவ்வளவு என்று விரியும். ஸ்வாப் சுழியாக இல்லையென்றால் உங்கள் இழுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

#12 கித்தான்

ஸ்வாப் 2.6 ஜிபி காட்டுது.

#13 நிழற்கோடு

சரிதான். கனத்தைக் குறைக்கும் வழிகள், பலன் அதிகமானது முதலில்:

600 வேண்டாம். வண்ணப் பக்கம் ஆஃப்செட் அச்சுக்குப் போகிறது என்றால் 300 போதும். வழக்கமான 150 வரித் திரைக்கு (அச்சில் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை) அது இரட்டிப்பு. 600ம் அதற்கு மேலும் கேட்பது, சாம்பலே இல்லாத கறுப்பு-வெள்ளைக் கோட்டோவியத்துக்குத்தான். 300க்கு இறங்கினால் பிக்சல் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகிவிடும். 16 பிட்டிலேயே இருந்தாலும் ஒரு முழு லேயர் 139 எம்பிதான்.

முதலில் ஃபைல் மெனுவில் சேவ் இன்க்ரிமென்டல் வெர்ஷன், அதாவது கண்ட்ரோல்+ஆல்ட்+எஸ். எண் கூடிய புதுக் கோப்பாக அது சேமித்துவிடும், பழையது அப்படியே இருக்கும். பிறகு இமேஜ் → ஸ்கேல் இமேஜ் டு நியூ சைஸ். அகலம் 3508 பிக்சல் ஆக வேண்டும். இங்கே பலர் சறுக்குவார்கள்: பிக்சலை அப்படியே விட்டுவிட்டு 600ஐ மட்டும் 300 ஆக்குவார்கள். அதனால் அச்சில் தாள் அளவுதான் இரட்டிக்கும், நினைவகம் ஒரு பைட்கூடக் குறையாது.

இமேஜ் → ட்ரிம் டு இமேஜ் சைஸ். ஒட்டிய புகைப்படங்கள் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதியும் நினைவகத்தில் இருக்கும். இது அதை வெட்டிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ப்ளர் போன்ற ஃபில்டர் லேயர் இருந்தால், வரையும்போது அதன் கண் ஐகானை அணைத்து மறைத்து வையுங்கள். கீழே நீங்கள் போடும் ஒவ்வொரு கோட்டுக்கும் அது மறுபடி கணக்குப் போடுகிறது. நிழல் விழும் லேயர் ஸ்டைல், ட்ரான்ஸ்ஃபார்ம் மாஸ்க் இவையும் அதே ரகம்.

பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி லிமிட்டை 50லிருந்து 65, 70 சதவீதம் வரை ஏற்றலாம். ஆனால் பின்னால் பிரவுசர் திறந்திருக்கும் 8 ஜிபி கணினியில் அதற்கு மேல் போனால் விண்டோஸே தன் ஸ்வாப்புக்குப் போய்விடும், அது இன்னும் மெதுவு. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் ஸ்வாப் கோப்பின் இடத்தை அதே பக்கத்தில் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

#14 மைக்கூடு

16 பிட்டை விடச் சொல்லாததற்கு நன்றி. மென்மையான ஏர்பிரஷ்ஷால் வானத்தை அடுக்கடுக்காகப் பூசும்போது 8 பிட்டில் பட்டை பட்டையாகத் தெரியும்.

#15 நிழற்கோடு

வானத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். மை கோடும் தட்டை நிறமும் உள்ள காமிக்ஸ் பக்கத்துக்கு 16 பிட் வீண். கித்தானின் பக்கம் இரண்டாம் வகை என்று படுகிறது. இமேஜ் → கன்வர்ட் இமேஜ் கலர் ஸ்பேஸ் போய் 8 பிட் ஆக்கினால் இன்னும் பாதி குறையும். சாய்வுநிறம் நிறைய உள்ள பக்கம் என்றால் 300 டிபிஐ, 16 பிட்.

#16 பனையோலை

இன்ஸ்டன்ட் ப்ரிவியூ பத்தி ஒரு வார்த்தை. அது படத்தைச் சின்னதாக்கிப் பார்க்கும்போதுதான் உதவும். முதல்ல குறைஞ்ச அளவுல கோட்டைக் காட்டிட்டு, முழு அளவு கணக்கைப் பின்னாடி போடும். 100 சதவீத ஜூம்ல வச்சு அது வேலை செய்யலன்னா அது கோளாறு இல்ல. டெக்ஸ்சர், சிதறல் பிரஷ்ல கோடு முடிஞ்சதும் உருவம் லேசா மாறுச்சுன்னா அதுவும் இதோட குணம்தான். அந்த பிரஷ்ஷுக்கு மட்டும் பிரஷ் எடிட்டர் அடியில இருக்கற டிக்கை எடுத்துடலாம். மொத்தமா அணைக்க ஷிஃப்ட்+எல்.

லேப்டாப்பை சார்ஜர்ல போட்டுத்தானே வரையறீங்க? பேட்டரி சேவர்ல பிராசஸர் வேகம் குறைஞ்சிடும்.

கேன்வாஸ் கறுப்பாகுது, மினுக்குதுன்னு இருந்தா டிஸ்ப்ளே பக்கத்துல ரெண்டரரை டைரக்ட்3டி ஆங்கிளிலிருந்து ஓபன்ஜிஎல்லுக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாத்திப் பாருங்க. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்ல, இந்த இழையை அப்புறம் தேடி வர்றவங்களுக்காகச் சொல்றேன்.

#17 கித்தான்

300, 8 பிட் ஆக்கினேன். ஸ்வாப் சுழி. வழுக்கிக்கிட்டு ஓடுது. எல்லாருக்கும் நன்றி. இப்போ பி, ஈ விசை மட்டும்தான் மிச்சம். இன்னைக்குக் காலைல ரெண்டு தடவை நின்னுச்சு. கிரிட்டாவை மூடித் திறந்தா சில சமயம் சரியாகுது, சில சமயம் ஆகல.

#18 பனையோலை

தமிழ் தட்டச்சு போட்டிருக்கீங்களா? விண்டோஸோட தமிழ் விசைப்பலகையோ, தமிழ்99ஓ?

#19 கித்தான்

ஆமா, தமிழ்99. பலூன்ல வசனம் எழுத.

#20 பனையோலை

அதுதான். விசைப்பலகை தமிழ்ல இருக்கும்போது பி அழுத்தினா கிரிட்டாவுக்குப் போறது ஒரு தமிழ் எழுத்து. அதுக்கு எந்த ஷார்ட்கட்டும் கிடையாது, அதனால சும்மா இருக்கும். ரஷ்யன், கிரேக்கம்னு வேற எழுத்துல தட்டச்சு பண்றவங்களுக்கும் இதே தொல்லைதான்.

நீங்க மாத்தலயே, எப்படித் தமிழாச்சு? ஆல்ட்+ஷிஃப்ட். ரெண்டு மொழி இருந்தா விண்டோஸ்ல அது மொழி மாத்துற விசை. கிரிட்டாவுல ஷிஃப்ட்டும் ஆல்ட்டும் அடிக்கடி கைல இருக்கற விசைகள், ரெண்டும் சேர்ந்து பட்டாப் போதும். செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்குவேஜ் → டைப்பிங் → அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் → இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். அங்க மொழி மாத்துற விசையை நாட் அசைன்டு ஆக்கிடுங்க. இனிமே விண்டோஸ் விசை+ஸ்பேஸ் மட்டும் மொழியை மாத்தும். கையில படாது.

பக்கத்துலயே இன்னொரு டிக் இருக்கும், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழின்னு. அதையும் போட்டா கிரிட்டா ஆங்கிலத்துலயும், வசனம் தட்டுற செயலி தமிழ்லயும் நிக்கும்.

#21 மைக்கூடு

விசை வேலை செய்தும் பிரஷ் எழுதாமல் போனால் காரணம் வேறு. ஈ தவறி அழுத்தி அழிப்பான் பயன்முறையில் இருக்கலாம். ஐ விசை பலமுறை பட்டு ஒப்பாசிட்டி சுழிக்கு வந்திருக்கலாம், ஓ அழுத்தினால் ஏறும். எங்கோ ஒரு சிறு செலக்‌ஷன் மிச்சம் இருக்கலாம், கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அதை நீக்கும். லேயரில் ஆல்ஃபா பூட்டு போட்டிருந்தால் காலி இடத்தில் நிறம் ஒட்டாது.

வசனத்துக்கு பாமினி போன்ற பழைய எழுத்துரு வேண்டாம். யூனிகோடில் தட்டிய தமிழை அந்த எழுத்துருவில் ஒட்டினால் வேறொரு எழுத்துரு வந்து உட்காரும். நிர்மலா யுஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் போதும். கிரிட்டா 5.2இல் எழுத்து அடுக்கும் பகுதியை, எழுத்துகளைச் சரியான வடிவில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலின் அடிப்படையில் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.

#22 வண்ணத்துளி

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். சேமிச்சுக்கிட்டிருக்கும்போது மின்சாரம் போயிடுச்சு, அந்த .கேஆர்ஏ (கிரிட்டா படக்) கோப்பு திறக்க மாட்டேங்குது. ஏதாவது வழி?

#23 நிழற்கோடு

அந்தக் கோப்பின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். முதலில் நகல் எடுங்கள்.

அதே ஃபோல்டரில் பெயரின் கடைசியில் ~ குறி உள்ள கோப்பு இருக்கிறதா? கிரிட்டா சேமிக்கும்போது முந்தைய பதிப்பை அப்படி வைத்திருக்கும். நகலில் ~ குறியை நீக்கித் திறக்கவும். இல்லையென்றால், எக்ஸ்ப்ளோரரில் ஹிட்டன் ஐட்டம்ஸ் காட்டச் சொல்லிவிட்டு, பெயரில் ஆட்டோசேவ் உள்ள, புள்ளியில் தொடங்கும் கோப்பைத் தேடவும். பெயர் வைத்துச் சேமித்த படத்துக்கு அது அதே ஃபோல்டரில் இருக்கும். ஒருமுறைகூடச் சேமிக்காத படத்துக்கு டெம்ப் ஃபோல்டரில்.

இரண்டும் இல்லையென்றால்: .கேஆர்ஏ என்பது ஒரு ஜிப் பொதிதான். நகலின் பின்னொட்டை ஜிப் ஆக்கி 7-ஜிப்பில் திறக்கவும். உள்ளே மெர்ஜ்டு இமேஜ் என்று ஒரு பிஎன்ஜி இருந்தால் அது முழு அளவில் உங்கள் படம், லேயர்கள் ஒன்றாகச் சேர்ந்தது. ப்ரிவியூ என்பது சிறு உருவம் மட்டும், அதை எடுத்து ஏமாற வேண்டாம். லேயர்ஸ் ஃபோல்டரில் உள்ளவை கிரிட்டாவின் சொந்த ஓடு வடிவம், வேறு செயலியில் திறக்காது.

#24 வண்ணத்துளி

~ கோப்பு இருந்துச்சு! கடைசியா போட்ட நிழல்கள் மட்டும் இல்ல, மத்த லேயர் எல்லாம் அப்படியே வந்துடுச்சு. அந்த நிழலையும் உடைஞ்ச கோப்புலேர்ந்து எடுக்க முடியுமா?

#25 நிழற்கோடு

7-ஜிப்பில் மெர்ஜ்டு இமேஜ் வந்தால் முடியும். அந்த பிஎன்ஜியை மீட்ட படத்தில் மேல் லேயராகக் கொண்டுவந்து, நிழல் விழுந்த இடங்களை மட்டும் செலக்ட் செய்து நகலெடுங்கள். நிழல் தனி லேயராகக் கிடைக்காது, கீழுள்ள நிறத்தோடு ஒட்டித்தான் வரும். உடைந்தது பொதியின் கடைசிப் பகுதி என்றால் அந்த பிஎன்ஜியே பாதியில் நிற்கலாம். அப்போது வருகிற வரை எடுத்துக்கொண்டு மீதியை மறுபடி வரைவதுதான் வழி.

கான்ஃபிகர் கிரிட்டா → ஜெனரல் → ஃபைல் ஹேண்ட்லிங் போய் ஆட்டோசேவ் இடைவெளியை 5 நிமிடமாக்கி, வைத்திருக்கும் பேக்கப்களின் எண்ணிக்கையை 3 ஆக்குங்கள். சேமிக்கவே விடவில்லை என்று எப்போதாவது செய்தி வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் அறியாத செயலிகள் எழுதுவதை அது தடுக்கும். அனுமதிப் பட்டியலில் கிரிட்டாவைச் சேர்த்தால் போதும், பாதுகாப்பை அணைக்க வேண்டியதில்லை.